ஐந்து நிமிஷம்

கடித்த கணக்கை எழுதச் சொன்னார்கள்.
பால் நோட்டின் பின்பக்கத்தில் எழுதுகிறேன்.
திங்கள் ஒன்பது. செவ்வாய் பதினொன்று.
புதன், பஸ்ஸில் மட்டும் மூன்று.
அதில் ஒன்று எனக்கில்லை,
பாம்பன் பாலத்துக் காற்றில் கண்ணயர்ந்திருந்த
உச்சிப்புளிக்காரரின் முழங்கைக்கு.

கிளாட்வினுக்கு மூன்றரை வயது.
"கொஞ்சம் அடங்கட்டும், அப்புறம் கூட்டிட்டு வாங்க"
என்றார் பால்வாடி டீச்சர்,
மணிக்கட்டில் பல்தடத்தோடு.
எங்கே கொண்டுபோனால் அடங்கும் என்று கேட்க
எனக்கு வாயில்லை.

தங்கச்சிமடத்துத் தெருவில்
ஒருத்தி மிளகாய் சுற்றிப் போடச் சொன்னாள்.
ஒருத்தி ஓரியூருக்கு நேர்ந்துகொள்ளச் சொன்னாள்.
ஒருத்தி ஒன்றும் சொல்லாமல்
தன் பிள்ளையை உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள்.
மிளகாய் சுற்றினேன். நேர்ந்துகொண்டேன்.
கதவுச் சத்தத்துக்குத்தான் பரிகாரம் தெரியவில்லை.

ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரி மாடியில்
நீலப் பாய் விரித்த அறை.
சித்தி மெஹராஜ் மேடம் அவனை முதலில் பார்க்கவில்லை.
"நேத்து எத்தனை மணி நேரம் தூங்குனீங்க?"
என்று என்னைக் கேட்டார்.
அதற்கு அரை மணி நேரம் அழுதேன்.
கட்டைகளை எறிந்துகொண்டிருந்தவன்
நிறுத்தி என்னைப் பார்த்தான்.
பிறகு மறுபடி எறிந்தான்.

வீட்டுப்பாடம் எனக்குத்தான்.
தினமும் ஐந்து நிமிஷம்
அவன் விளையாடும்போது பக்கத்தில் இருக்க வேண்டும்.
ஏவக் கூடாது, கேள்வி கேட்கக் கூடாது,
அவன் செய்வதை மட்டும் சொல்ல வேண்டும்.
இதென்ன கஷ்டம் என்று உட்கார்ந்தேன்.
இங்க வை. இது என்ன கலரு? கீழ போடாத. ஒழுங்கா உக்காரு.
மேடம் எண்ணிக் காட்டினார், இருபத்தெட்டு.
ஏவலை எடுத்துவிட்டால்
என் பிள்ளையிடம் பேச எனக்கு ஒன்றுமே இல்லை.

வெளி பெஞ்சில் நாங்கள் ஆறு பேர்.
திருப்பாலைக்குடி ரமீஜா தரையைப் பார்த்தபடி
"நான் இவளைச் சூடு வச்சிருக்கேன்" என்றாள்.
யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.
பிஸ்கட் பொட்டலம் மட்டும்
கைமாறிக் கைமாறி அவள் மடிக்குப் போனது.

லாசர் விசைப்படகில் போகிறவர்.
"வைத்தியம் புள்ளைக்கா, நமக்கா?" என்று சிரித்தார்.
ஒரு ராத்திரி எனக்குக் காய்ச்சல்,
கரண்டும் இல்லை.
அந்த ஐந்து நிமிஷத்துக்கு அவர் உட்கார்ந்தார்.
வார்த்தை வரவில்லை. செருமினார்.
பிறகு முஷ்டியை வாய்ப்பக்கம் கொண்டுபோய்
கடலில் பேசுகிற குரலில்:

"கிளாட்வின் மூடியை எடுக்குறான். ஓவர்.
மூடியைக் கவுத்துறான். ஓவர்.
உள்ள சோழி போடுறான், ரெண்டு,
இல்ல, மூணு. ஓவர்."

நான் போர்வைக்குள் மூச்சை அடக்கிக் கிடந்தேன்.
வயர்லெஸில் அவர்கள் அப்படித்தான் பேசுவார்கள்.
நிற்கிற இடத்தைச் சொல்வார்கள், காற்றைச் சொல்வார்கள்.
எங்கோ இருட்டில் இன்னொரு படகு கேட்டுக்கொண்டிருக்கும்.

கிளாட்வின் தலை நிமிர்த்தினான்.
இன்னொரு சோழியை எடுத்து
மூடிக்கு மேலே பிடித்துக்கொண்டு
போடாமல் காத்திருந்தான்,
அவர் சொல்லட்டும் என்று.

மறுநாளே அவர் தோளைக் கடித்தான், ரத்தம் வர.
தெருவே கேட்கக் கத்தினார்.
கை ஓங்கினார்.
ஓங்கிய கையோடு வாசலுக்குப் போனார்,
வலை காயப்போட்ட கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.
திரும்பி வந்து,
"கிளாட்வினுக்குக் கோபம் வந்திருக்கு" என்றார்.
கொஞ்சம் கழித்து, தொண்டை கட்டியவராக,
"அப்பாவுக்கும். ஓவர்."

இந்த வாரம் ஏழு, நாலு, எட்டு.
வியாழக்கிழமைக் கட்டம் வெறுமையாக இருக்கிறது.
கடிக்கவில்லையா,
எழுத மறந்தேனா, தெரியவில்லை.
மேடம் கேட்டால்
அப்படியே சொல்லிவிடுவேன்.