மூன்றாவது கதவு

"எப்போ வெடிக்குது?"
யார் வந்தாலும் முதலில் இதைத்தான் கேட்பேன்.
காலை மிதிக்கும்போதா, எடுக்கும்போதா,
முன்னாலா, பின்னாலா,
சூடான பிறகா.

மைதீன் பிச்சை யோசித்துவிட்டு
"கேரளாவுல" என்றார்.

சிரிக்கவில்லை அவர்.
நாலு மாதமாக ஆம்னியில் தக்காளி ஏற்றிப்
புனலூருக்குப் போகிறார்.
செங்கோட்டைக்குள் பூனைபோல நடக்கும் வண்டி
கோட்டைவாசல் தாண்டியதும்
டப் என்கிறது.
ஒருநாள் ஆரியங்காவு சோதனைச்சாவடிக்கு
நேர் எதிரேயே, இரண்டு தடவை.
"எந்தா, படக்கமாணோ?" என்று
பதினாறு கூடையையும் இறக்கிக்
கைவிட்டுத் துழாவினார்களாம்.
ஆயிரத்து இருநூறு ரூபாய்
விதையும் சாறுமாய்த் தாரில் ஓடியதாம்.

இலஞ்சிக்காரர் நாலு பிளக்கும் மாற்றியிருந்தார்.
தென்காசியில் கார்புரேட்டரைக் கழுவினார்கள்.
இன்னொருவர் சைலன்சரே புதிதாகப் போட்டார்.
மச்சினன் பெட்ரோல் பங்கை மாற்றச் சொன்னான்.
ஒருவரும் கூட ஏறிப் போகவில்லை.

என் ஷெட்டில் நல்ல வெயில்.
டைமிங் லைட் பிடித்தேன், குறி இருக்கவேண்டிய இடத்தில்.
காற்று ஒழுகுகிறதா என்று
இன்டேக் ஓரமெல்லாம் ஸ்பிரே அடித்தேன்,
சத்தம் மாறவில்லை.
வைத்தியரைக் கண்டதும் வலி ஓடிப்போன நோயாளி
எதைச் சொல்வான்?

"லோடு எத்தனை மணிக்கு?"
"ரெண்டரைக்கு, ராத்திரி."
"நானும் வாரேன்."

ஆம்னிக்கு எஞ்சின் இருக்கைக்கு அடியில்.
நோயாளியின் நெஞ்சின் மேலேயே
உட்கார்ந்து போகிற சவாரி.
புளியரை வரை காய்ந்த காற்று.
எஸ் வளைவுகளில் இரண்டாம் கியரில்
முனகலில்லாமல் ஏறியது.
கோட்டைவாசலில் சாரல்
யாரோ திரையை இழுத்ததுபோல.

அடுத்த இறக்கத்தின் முடிவில், மிதித்த நொடியில்,
டப்.

பின்னால் இல்லை. எனக்குக் கீழே.
சைலன்சருக்குக் கொடுத்த நாலாயிரம்
அந்த இடத்திலேயே வீண்.

"நிறுத்துங்க. ஆஃப் பண்ணாதீங்க."
இருக்கையைத் தூக்கினேன்.
அவர் டார்ச்சை நீட்டினார்.
"அணைங்க."
"அணைச்சா எப்படித் தெரியும்?"
"அணைச்சாத்தான் தெரியும்."

அதற்குள் சாவடியிலிருந்து
குடையும் விளக்குமாக ஓடிவந்தது ஒரு காக்கி.
ஷைனி என்று பெயர்ப்பட்டை.
அந்த விளக்கையும் அணைக்கச் சொன்னேன்.
மூன்று தலைகள், ஒரு பள்ளம், கும்மிருட்டு, மழை.

டிஸ்ட்ரிபியூட்டர் மூடியின் மேல்
நீல நூல் ஒன்று
தோன்றித் தோன்றி மறைந்தது,
மின்னல் போட்ட குஞ்சு.

அடியில் இருக்கவேண்டிய சேறுதடுப்பைக்
காணோம். சக்கரம் வாரிய தண்ணீர்
மயிரிழைக் கீறலில் ஊறிக் கிடந்தது.
ஒன்றுக்குப் போகவேண்டிய பொறி
அந்த ஈரத்தைப் பிடித்து
மூன்றுக்குத் தாவுகிறது.
மூன்று அப்போதுதான்
மூச்சிழுத்து முடிக்கிறது,
கதவை இன்னும் சாத்தவில்லை.
உள்ளே பற்றிய நெருப்பு
வந்த வழியே கார்புரேட்டருக்குப் பாய்கிறது.

"இத்ரேயுள்ளோ?" என்றார் ஷைனி.
இவ்வளவுதான்.

எஞ்சினை அணைத்து, மூடியைக் கழற்றி,
குடைக்குக் கீழே துடைத்தேன்.
கருப்புக் கோட்டைப் பிளேடால் சுரண்டினேன்.
அந்நேரத்துக்கு எந்தக் கடை திறந்திருக்கும்?
தயங்கித் தயங்கி
"நகப்பாலிஷ் இருக்குமா மேடம்" என்றேன்.
முறைத்தார். போனார். கொண்டுவந்தார்.
ரத்தச் சிவப்பு. கீறல்மேல் இரண்டு பூச்சு,
மைதீன் பிச்சை ஊதி ஊதிக் காயவைத்தார்,
பிள்ளையின் முழங்காலுக்கு ஊதுவதைப்போல.

புனலூர் வரை மழை. புனலூர் வரை ஒரு சத்தமில்லை.
சந்தையில் கூடையை இறக்கும்போது கேட்டார்:
"இந்த மூடி என்ன விலை வரும்?"
சொன்னேன்.
"இதுக்கா நாலு மாசம்" என்று
என்னிடமே கோபப்பட்டார்.

திரும்பும்போது விடிந்திருந்தது.
வளைவுகளில் காலை எடுத்து எடுத்து இறங்கினார்.
அப்போது பின்னாலிருந்து மெல்ல
புஸ், டுப்.
இருவரும் பேசாமலிருந்தோம்.

"அது வேற" என்றேன் கடைசியில்.
"புது சைலன்சரை மாட்டினவன்
கேஸ்கட்டைப் பழசாவே விட்டுட்டான்."