நான்காவது பதில்

ஈரடுக்குப் பாலத்துக்கு அடியில் என் கடை.
பகலில் உடைந்த செல்போன்களுக்குக் கண்ணாடி மாற்றுவேன்.
ராத்திரி ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு
டோரனாக இருப்பேன்.

ஏதோ ஒரு குளிர் துறைமுகத்துக்காரன்.
கூட்டாளிகளின் வலையைத் திருடி விற்றவன்.
நான் விளையாட உட்காரும்போதே விற்றாகிவிட்டது,
அதைத் தடுக்கப் பொத்தான் கிடையாது.
துப்பாக்கி இல்லை, துரத்தல் இல்லை.
சாராயக் கடைக்குள் நுழைந்து
மூலை மேசை வரை நடக்க வேண்டும், அவ்வளவுதான்.

நுழைந்ததும் பேச்சு நிற்கும்.
ஜாய்ஸ்டிக்கை எவ்வளவு தள்ளினாலும்
அவன் பாதி எட்டுதான் வைப்பான்.
கன்ட்ரோலர் என் உள்ளங்கையில்
கோழிக்குஞ்சு மாதிரி நடுங்கும்.
முதல் நாள் கழற்றியே பார்த்துவிட்டேன், தொழில் புத்தி.
பழுது ஒன்றுமில்லை.

மேசையில் வலைக்காரி.
அவளுக்குச் சொல்ல நான்கு பதில்கள் வரும்.
'நான்தான் விற்றேன்': சாம்பல் நிறம், அமுங்காது.
'காசைத் தந்துவிடுகிறேன்': அதுவும் சாம்பல்.
'மன்னித்துவிடு' என்பதை மட்டும்
கட்டைவிரல் சிவக்க நாற்பது தடவை அமுக்கியிருப்பேன்.
எரிவது நான்காவது ஒன்றுதான்:
'சும்மா வந்தேன்.'

சொல்லிவிட்டு அவன் பனியில் போய் நிற்பான்.
திருட்டுப் பயலே என்பேன்,
கன்ட்ரோலரைப் பிடித்திருப்பது யார் கை என்று பாராமல்.

போன வெள்ளிக்கிழமை மத்தியானம், கரண்டு இல்லை,
சங்கரபாண்டி மச்சான் வந்தான்.
தச்சநல்லூரில் சீட்டுப் பிடித்து
பதினெட்டு வீட்டுக் காசோடு,
என் தங்கச்சி வளையலோடு,
ரெண்டு வருஷம் முன்னால் காணாமல் போனவன்.
எதிர் டீக்கடையில் கிளாஸ் கழுவுகிற சத்தம் நின்றது.
ஒரு ரோட்டைக் கடக்க இவ்வளவு நேரமா?
பாதி எட்டு.
பாதி எட்டு.

ரிப்பேருக்கென்று கையில் ஒரு போன்கூட இல்லை.
கண்ணாடிப் பெட்டி மேல் கையை வைத்து,
எடுத்து, மறுபடி வைத்து,
"சும்மாதாம்ல வந்தேன்" என்றான்.

எனக்கும் வந்தன.
எங்கவே போனீரு.
அவ ஆஸ்பத்திரியில கிடந்தது தெரியுமாவே.
சாப்பிட்டீரா.
எல்லாமே வெளிச்சமாய்த்தான் எரிந்தன.
எதையும் அமுக்க வரவில்லை.

மன்னிக்கவில்லை. இதை எழுதும்போதும் இல்லை.
ஸ்டூலில் குவிந்திருந்த பழைய சார்ஜர்களை
அள்ளிக் கீழே வைத்தேன்.
உட்காரும் என்று சொல்லவில்லை.

மேலே பாலத்தில் பஸ் போனது.
அவன் கைக்குக் கீழே கண்ணாடிப் பெட்டி நடுங்கியது.
பஸ் போன பிறகும் நடுங்கியது.
கழற்றிப் பார்க்கவில்லை.