முந்நூற்று எண்பத்தெட்டு

மூன்று தடவை அளந்தேன்.
நான்தான் சரியாய்ச் சமன்செய்யவில்லையோ என்று
முக்காலியைப் பெயர்த்து வேறு இடத்தில் ஊன்றியும்
அதே எண்.

கடலூர் முதுநகர், உப்பனாற்றுப் பக்கம்,
அரசு மேல்நிலைப்பள்ளி மைதானம்.
புதுப்பிக்கவும் விரிவாக்கவும் ஒன்பது கோடி.
எட்டுத் தடம், சிவப்புச் செயற்கைத் தளம்,
ஆயிரத்து இருநூறு பேர் உட்காரப் படிக்கட்டு.
முதல் வேலை, இருப்பதை அளப்பது.
நானூறு மீட்டர் ஓடுதளம் என்கிறது கோப்பு.
இருந்தது முந்நூற்று எண்பத்தெட்டு.

பன்னிரண்டு மீட்டர் எங்கே போயிற்று?
வாட்ச்மேன் அற்புதராஜ் சிரித்தார்.
எண்பத்தேழில் தடம் போட்டபோது டேப் அறுந்துவிட்டதாம்.
துறைமுகத்தில் ஒரு விசைப்படகின் கயிறு இரவல்.
வெயிலில் வைத்து நூறு மீட்டருக்கு முடிச்சுப் போட்டார்கள்.
தடம் அளந்த அன்று ஐப்பசி அடைமழை.
நனைந்த கயிறு சுருங்கும் என்பது
படகுக்காரனுக்குத் தெரியும்.
டிரில் மாஸ்டருக்குத் தெரியவில்லை.

தேநீர் வந்தது. குடிக்கவில்லை.
உடற்கல்வி அறையில் சாதனைப் பலகை
இன்னும் தொங்குகிறது, கரையான் ஒரு மூலை தின்றது போக:
400 மீ. பெண்கள். சி. புனிதவல்லி. 61.8. 1999.
அது நான்.

கோபம் வரவில்லை, நிம்மதிதான் வந்தது.
மாவட்டப் போட்டியில் கடைசித் திருப்பம் தாண்டி
நெஞ்சடைத்துக் கால் மரத்துப் போனேனே,
அது என் குற்றமில்லை.
முந்நூற்று எண்பத்தெட்டில் நிற்கத்தான்
என்னைப் பழக்கியிருந்தார்கள்.
ஈரக்கயிற்றின் மேல் பழியைப் போட்டுவிட்டுத்
தேநீரைக் குடித்தேன். ஆறியிருந்தது.

அப்புறம் ஜெய்னம்பு ஞாபகம் வந்தாள்.
அண்ணன் பேன்ட்டை இடுப்பில் சுருட்டிக் கட்டி ஓடுவாள்.
இதே தடம். இதே கயிறு.
இங்கே எப்போதும் எனக்குப் பின்னால்தான்,
ஒரு கை தூரம், அரைக் கை தூரம்,
அவள் மூச்சு என் பிடரியில் படும் நேரத்தில்
சுண்ணாம்புக் கோடு வந்து என்னைக் காப்பாற்றும்.
மாவட்டத்தில் கோடு தள்ளியிருந்தது.
அந்தப் பன்னிரண்டு மீட்டரில்தான்
தாண்டிப் போனாள்.

எனக்கு இங்கே கிடைத்ததெல்லாம்
மழை கொடுத்தது.

அறிக்கையில் 388.0 என்று எழுதினேன்.
குறிப்புப் பத்தியைக் காலியாய் விட்டேன்.
பிறகு வடக்குச் சுவரை இடித்து
வளைவை வெளியே தள்ளினோம்.
ஒரு புங்கமரமும் சைக்கிள் ஷெட்டும் போயின.
நாலடி கிராவல், ரோலர், மறுபடி கிராவல்.
ஏழு மாதம்.

பலகையும் ஒப்பந்தத்தில் உண்டு.
பழைய பெயரெல்லாம் அப்படியேவா மேடம், என்கிறான் பெயின்டர்.
நானூறுக்கு மட்டும் மாற்று என்றேன்.
நேரம்?
இந்த மைதானம் அவளை ஒருநாளும்
நானூறு ஓடவிட்டதில்லை என்று
இவனிடம் எப்படிச் சொல்ல.
நேரத்தை விட்டுவிடு.
'ஜெ'யா 'ஜை'யா, என்று தூரிகையோடு நிற்கிறான்.

பரங்கிப்பேட்டையில் மாவுமில் வைத்திருக்கிறாளாம்.
நம்பர் வாங்கிவிட்டேன்.
மணி அடிக்கிறது, அடிக்கிறது.
எடு ஜெய்னம்பு,
பெயின்ட் காய்கிறது.