ஐஸ் போடாத பெட்டி

வாலிநோக்கம் அளத்தில்
ஐந்து லிட்டர் கேன்களைக் கொடுத்து
ஒரு முழு நாளின் சிறுநீரையும்
இதில் சேர்த்துத் தாருங்கள் என்றேன்.
சிரித்தார்கள்.
சும்மா கிடக்கிறதே என்று ஒரு வீட்டில்
குழாயடிக்கு எடுத்துப் போயிருந்தார்கள்.
என் ஆராய்ச்சியின் முதல் தரவு
காவிரிக் கூட்டுக் குடிநீர்.

ரத்தம் வேறு கதை.
இந்தக் கரையிலிருந்து எது வெளியூர் போனாலும்
ஐஸில்தான் போகும்.
கெட்டுப்போகுமே என்று வண்டிக்காரர் சிக்கந்தர்
நான் கேட்காமலே அள்ளிப் போட்டார்.
குளிர் பட்டால் ரெனின் பொய் சொல்லும்.
உறங்கிக் கிடந்ததெல்லாம் விழித்து
தலைக்கணக்கில் வந்து சேரும்.
மதுரையில் பெட்டியைத் திறந்தபோது
எண்பத்தாறு பேரில்
விலகி நிற்பவர் ஒருவருமில்லை.
அதை வைத்து ஒரு கட்டுரை எழுதினேன்.
பிறகு, அதைத் திரும்பப் பெற்றேன்.
ஐஸைப் பற்றி யாரும் கேட்கவில்லை,
நான்தான் சொன்னேன்.

மறு கோடை, ஐஸ் இல்லை.
வியர்வையில் உப்பு இறங்கினால்
சிறுநீரகம் குரல் கொடுக்கும்,
அந்தக் குரலுக்கு ஆல்டோஸ்டிரோன் எழுந்து வரும்.
எண்பத்தைந்து பேருக்கு அப்படித்தான்.
நாற்பத்தொன்றாம் எண்ணில் மட்டும்
யாரும் கூப்பிடாமல் எழுந்து நின்றது.

"இதை எடுத்துடுங்க மேடம், கோடு நேராயிரும்."
புள்ளியியல் பார்க்கும் எட்வின்.
நேராகும்தான்.

சாயல்குடி வரை பஸ், பிறகு ஷேர் ஆட்டோ.
இருளாயி. முப்பத்தாறு வயது.
பன்னிரண்டு வருடமாக மூன்று மாத்திரை,
இராத்திரியானால் கெண்டைக்கால் இழுக்கும்,
வாளிப்பிடியில் மடங்கிய விரல் விரியாது.
எல்லா டாக்டரும் ஒன்றையே சொல்லியிருந்தார்கள்,
உப்பைக் குறை என்று,
கணுக்கால் வரை உப்பில் நிற்பவளிடம்.

இடது அட்ரீனலில்
புளியங்கொட்டை அளவில் ஒரு கட்டி.
எடுத்த ஆறாம் நாள் நூற்று இருபத்தெட்டு.
இரண்டு கையிலும் அளந்தேன்.
நம்பாமல் கருவியையும் மாற்றி அளந்தேன்.

இருபத்துமூன்று வருடத்தில்
கையில் கொடுக்கும்படி
எனக்கிருப்பது அந்த ஒரு எண்தான்.
மற்றதெல்லாம் பின்னிணைப்பு.

அச்சான வரைபடத்தைக் கொண்டுபோனேன்.
"இதுல நான் எது?"
தொட்டுக் காட்டினேன்.
தள்ளி நிற்கும் புள்ளியை
நகத்தால் ஒருமுறை சுரண்டிப் பார்த்தாள்.
உப்பு வெடித்த நகம், தாளில் கீறல் விழுந்தது.
பிறகு
மொய்த்துக் கிடக்கும் மற்றவற்றின் பக்கம் குனிந்து,
"அப்ப ராக்கு எங்கன நிக்கிறா?
போன மாசம் பாத்தியிலயே விழுந்து செத்தாளே,
அவ?"

பெயரையும் எண்ணையும் சேர்க்கும் பேரேடு
பூட்டிய அலமாரியில் இருக்கிறது,
சாவி மதுரையில் என்றேன்.