குறை காணப்படவில்லை

வெர்னா ஸ்கோக்லண்டின் வண்டி
கொக்கியில் தொங்கிக்கொண்டு வந்தது.
பிப்ரவரி. பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தேழு.
மைனாட் நகரில் அதை யாரும் குளிர் என்றுகூடச் சொல்வதில்லை.
இறக்கிவிட்டவன் சொன்னான்:
"மூன்றாம் கியர் வந்ததும் உயிர் போயிடுச்சு."

அறுபதாயிரம் மைல் வரை உத்தரவாதம்.
மீட்டர் காட்டியது
அறுபதாயிரத்து நானூற்றுப் பன்னிரண்டு.

நானூற்றுப் பன்னிரண்டு மைல் என்றால்
அவளுக்கு நாலு நாள் வேலை.
வெல்வா, டவுனர், ரக்பி,
பெயரே இல்லாத மண்பாதைகளின் கோடியில்
இன்சுலினுக்குக் காத்திருக்கும் கைகள்,
கட்டு மாற்ற வேண்டிய கால்கள்.

கியர்பெட்டிக்கு ஏழாயிரத்து எண்ணூறு டாலர் என்றேன்.
சொல்லிவிட்டுப் பேனா மூடியைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அவள் கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
ஒரு தாளை எடுத்து மேசையில் விரித்தாள்.
நாலாய் மடித்தது. மடிப்பு முனையில் பொத்தல்.
அக்டோபர். ஐம்பத்தோராயிரம் மைல்.
"இரண்டிலிருந்து மூன்றுக்கு மாறும்போது
முதுகில் யாரோ குத்துவதுபோல் இருக்கிறது என்கிறார்."
அதன் கீழே:
"ஓட்டிப் பார்த்தோம். குறை காணப்படவில்லை."
அதன் கீழே
என் கையெழுத்து.

ஓட்டிப் பார்த்தோம்.
யார் பார்த்தோம்?
வெள்ளிக்கிழமை, மாலை நாலு நாற்பது.
என் மகனுக்கு அந்தப் பருவத்தின் முதல் ஹாக்கி ஆட்டம்.
சாவி என் மேசையை விட்டு நகரவேயில்லை.
சாவிக்கொத்தில் ஒரு மஞ்சள் பிளாஸ்டிக் வாத்து.
அது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது.

கம்பெனிக்கு அவள் எங்கள் கூடத்திலிருந்தே போன் செய்தாள்.
காத்திருப்பு இசை எனக்குவரை கேட்டது.
ரத்த அழுத்தம் குறிக்கும் அதே சின்ன நோட்டில்
இடது பக்கம்: திரு. ஆமண்ட்சன், 158/94.
வலது பக்கம்: நாற்பத்தேழு நிமிடம். பெண் குரல்,
பெயர் கெய்ட்லின். மறுப்பு.

மறுநாள்: முப்பது சதவீதம் தருகிறோம் என்றார்கள்.
அதற்கு அடுத்த வாரம்: ஐம்பது.
"நான் பேரம் பேச வரவில்லை" என்றாள்.
"காலத்துக்குள் சொன்னேன்.
காதில் வாங்கியவர்கள் நீங்கள்.
நோயாளி வலிக்கிறது என்றான், நான் எழுதவில்லை என்றால்
என் உரிமத்தைப் பிடுங்குவார்கள்."
அந்த வாரம் முழுக்க அக்காளின் பழைய காரில் ஓடினாள்.
அதில் ஹீட்டர் இல்லை.

கடைசியில் வட்டார மேலாளர் என்னைக் கூப்பிட்டார்.
"அந்த வண்டியை அன்று ஓட்டியது யார்?"
கண்ணாடித் தடுப்புக்கு அப்பால் என் முதலாளி ரால்ஃப்
சாண்ட்விச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்.
நினைவில்லை என்று சொல்லியிருக்கலாம்.
அதைவிட மலிவான பொய் உலகத்தில் கிடையாது,
எல்லோரும் மன்னித்துவிடுவார்கள்.

வாத்து கண்ணுக்குள் வந்து நின்றது.

"யாரும் ஓட்டவில்லை" என்றேன்.
மறுமுனையில் விசைப்பலகை நின்றுபோனது.
"எழுதித் தருவீர்களா?"
தந்தேன்.
அந்தக் காலாண்டு போனஸ் எனக்கு வரவில்லை.
நியாயம்தான். எரிச்சலாகவும்தான் இருந்தது.

மரப்பெட்டியில் கியர்பெட்டி வந்தது.
கூடவே ஒரு கடிதம்:
"நல்லெண்ண அடிப்படையில், இம்முறை மட்டும்,
எந்தப் பொறுப்பையும் ஏற்காமல்."
வெர்னா "நல்லெண்ண" என்பதன்மேல் ஒரே ஒரு கோடு போட்டாள்.
மேலே "கடன்" என்று எழுதினாள்.
கையெழுத்திட்டு என் பக்கம் தள்ளினாள்.

பிறகு சாவியையும் தள்ளினாள்.
"இப்போ ஓட்டு."

அவள் பக்கத்து இருக்கையில்.
இரண்டாம் எண் நெடுஞ்சாலை,
இருபுறமும் உழுதொதுக்கிய பனி.
ஒன்று. இரண்டு.
அவள் சாலையைப் பார்க்கவில்லை, என் முகத்தைப் பார்த்தாள்.
மூன்று.
வெண்ணெயில் கத்தி.

"என்ன?" என்றாள்.
அந்த இரண்டு வார்த்தையும் நாக்கு நுனிவரை வந்தன.
ஓரமாய் நிறுத்தினேன்.
முதல் கியரிலிருந்து
மறுபடி எடுத்தேன்.