நாலும் இருக்கிற சொல்

கொள்ளுப்பிட்டி, ஐந்தாம் மாடி.
ஏசிக் காற்று நேரே என் பிடரியில்.
கைபேசிகளை வாசலிலேயே வாங்கி வைத்துவிட்டார்கள்.
பக்கத்துக் கதிரைக்காரி
தன் எண்பத்து நாலாம் இலக்கத் துண்டைத் திருப்பி
நாலு எழுத்து எழுதினாள்:
வீ, ஐ, எஸ், ஏ.
“இந்த நாலும் வாற சொல் சொல்லுங்கோ.
இடம் மாறினாப் பரவாயில்ல.”

‘அட்வைஸ்’ என்றேன். ஊரில் அதுதான் மலிவு.
‘சேவிங்ஸ்’ என்றாள்,
வங்கிக் கடிதத்தின் மடிப்பைத் தடவியபடி.
‘சலைவா.’
அவள் சிரித்த சத்தத்துக்குக் காவலாளி திரும்பினான்.
‘ஃபெஸ்டிவல்.’
பிறகு, யார் சொன்னோம் என்று தெரியவில்லை,
‘வானிஷ்.’
விரல் விட்டு எண்ணிப் பார்த்தோம்.
நாலும் இருந்தன.

கண்ணாடிக்குக் கீழே
கடலை உரசிக்கொண்டு ஒரு ரயில் போய் முடிந்தது.

‘விசிட்’டில் ஏ இல்லை.
‘அரைவல்’ என்று ஆசையாக எழுதினாள்.
எஸ் இல்லை.
வெட்ட மனம் வராமல் அப்படியே விட்டாள்.

எண்பத்து நாலு என்று மூன்று மொழியில் கூப்பிட்டார்கள்.
அப்போதுதான் பெயர் கேட்டது: ஜெனிட்டா.
கொட்டாஞ்சேனை முகவரி.
துண்டைக் கண்ணாடிக்கு அடியால் தள்ளினாள்.
உள்ளே இருந்தவர்
திருப்பினார், வாசித்தார்,
கோப்பைப் பார்க்க எடுத்த நேரத்தைவிடக் கூடுதலாக வாசித்தார்.
பேனை ஒருதரம் அசைந்தது.

பற்றுச்சீட்டோடு திரும்பி வந்து காட்டினாள்.
அரைவலின் வாலில்,
சிவப்பு மையில்,
ஒரு எஸ்.

“இதுக்கு என்ன கருத்து, அண்ணா?”

நான் வாய் திறக்க முன்
எண்பத்து ஐந்து.