அறுநூற்று முப்பத்தெட்டு

பெட்டியின் மேல் ஆறு வாட் என்று இருந்தது.
மூடியைக் கழற்றி அளந்தால்
மூன்றரை நீலம், ஒன்றரை பச்சை,
மிச்சம் ஒன்றே ஒன்று சிவப்பு.
ரௌனி மலிவாகத்தான் வாங்கியிருந்தாள்.
எண்ணை ஏற்றிக் காட்ட
நீலத்தைப் போலத் தோதான நிறம் கிடையாது.

கெமியில் அன்று பூஜ்யத்துக்குக் கீழே இருபத்தாறு.
துறைமுகத்துக்குப் பின்னால், காகிதக்கூழ் அடுக்கிய கிடங்கில்
ஏணி மேல் நான்,
கையுறையோடு தட்டச்சிடும் தார்மோ கீழே.
மூன்றையும் முழுசாய்த் திற என்றேன்.
சுவரில் விழுந்தது
பல் மருத்துவர் அறையின் வெளிச்சம்.
வெள்ளைதானே, என்றாள் ரௌனி.
வெளுத்ததெல்லாம் பால் அவளுக்கு.

ஏணியிலிருந்தே கத்தினேன்:
பச்சைக்குக் கண் செல்லம் கொடுத்து வைத்திருக்கிறது,
ஒரு சிட்டிகை போட்டால் கூடம் நிறையும்.
சிவப்பு கூப்பிட்ட குரலுக்கு வராது.
இரண்டு பங்கு கொட்டினால் ஒரு பங்கு தெரியும்.
அதிலும் அறுநூற்று ஐம்பது நானோமீட்டர் வாங்கினால்
நீர் தெளித்த கரி மாதிரி கிடக்கும்.
முப்பத்தெட்டு வாங்கு. மூன்று வாட்.

பன்னிரண்டு குறைவதற்கு
இவ்வளவு காசு கூடுமா?

கூடும்.
பார்வையின் வாசலுக்கு வெளியே நிற்பதை
ஓரடி உள்ளே அழைக்கும் கூலி அது.
இன்னொன்று: சூடு கண்டால்
முதலில் சோர்வதும் சிவப்புதான்.
எழுநூறு பேர் மூச்சு விட்டு, ஆடி, வியர்த்து,
ஒன்பது மணிக்கு உன் வெள்ளை
மெல்ல மெல்ல மயில்கழுத்தாகும்.
விசிறிக்கும் சேர்த்துக் கொடு.

முணுமுணுத்தபடி கொடுத்தாள்.

வியாழன் இரவுப் பேருந்தில் சிவப்பு வந்தது,
ரொட்டிப் பொட்டலம் அளவு.
பொருத்தி, கண்ணாடிகளை நேராக்கி,
மூன்று கற்றையும் ஒரே புள்ளியில் விழ
இரண்டு மணி நேரம்.
புகையை விட்டோம்.
மற்ற இரண்டையும் அணைத்துவிட்டு
சிவப்பை மட்டும் நூறுக்கு ஏற்றினேன்.
கிடங்கின் குறுக்கே செக்கச்செவேலென்று ஒரு கோடு,
கை நீட்டினால் அறுத்துவிடும் போல.

எப்படி இருக்கிறது, தார்மோ?

அவன் நேர் எதிரே நின்று
என்னைப் பார்த்துக் கேட்டான்:
போட்டுவிட்டாயா?

இரண்டு குளிர்காலம் என்னோடு வேலை செய்தவன்.
பொத்தான்களை வரிசை எண்ணால் மனப்பாடம் செய்தவன்.
விளக்கை அணைத்த பிறகு கண்ணுக்குள் நிற்குமே ஒன்று,
அந்த அளவுக்கு இருக்கிறது, என்றான்.
முதல் நாள் வெள்ளையும் இன்றைய வெள்ளையும்
எனக்கு ஒன்றுதான்.
நீ சந்தோஷப்பட்டாய், நானும் தலையாட்டினேன்.

நிகழ்ச்சியின் கடைசி நாலு நிமிடம்
வெறும் சிவப்பு. நான் எழுதியது.
நூற்றுக்கு ஒருவர் என்று வைத்தாலும்
எழுநூறு சீட்டில் ஏழு பேர்
காசு கொடுத்து இருட்டில் நிற்பார்கள்.
ஏழு பேருக்காகவா, என்றாள் ரௌனி,
ஆனால் குரல் பாதியில் இறங்கிவிட்டது,
தார்மோ பக்கத்திலேயே நின்றதால்.

பச்சையை ஒரு புள்ளி ஏற்றினேன்.
ஒன்றுமில்லை.
நான்கு. ஆறு.
ஒன்பதில் அவன் விரல் நீண்டது: அதோ.
கோட்டின் நுனிவரை விரலாலேயே நடந்து போனான்.

என் கண்ணுக்கு அது இப்போது சிவப்பே இல்லை.
ஆகஸ்டு சதுப்பில் லாக்கா பழுக்கும் நிறம்.
மூன்று வாட்டுக்குச் சண்டை போட்டு
வாங்கிய சுத்தத்தை
நானே கலங்கடித்திருந்தேன்.
அவனுக்கு அது என்ன நிறம் என்று
கேட்க வாய் வந்தது. கேட்கவில்லை.

சனிக்கிழமை, ஒன்பதே காலுக்கு,
சொன்னபடியே வெள்ளை நீலத்தின் பக்கம் சாய்ந்தது.
விசிறிக்கு ரௌனி பணம் கொடுத்திருந்தாள், பாதி.
பச்சையையும் நீலத்தையும் கொஞ்சம் இறக்கிப் பிடித்தேன்.
கடைசி நாலு நிமிடம் சுவரை நான் பார்க்கவில்லை.
கூட்டத்தில் அந்த ஏழு பேரைத் தேடினேன்.
எழுநூறு முகத்திலும் ஒரே பழத்தின் நிறம்.

திங்கட்கிழமை கோப்புகளை அடுக்கும்போது
அந்தக் கலவையைப் பார்த்தேன்:
நூறு, ஒன்பது, பூஜ்யம்.
தார்மோ பெயரிட்டிருந்தான், சிவப்பு என்று.
திருத்தப் போன கையை
எடுத்துக்கொண்டேன்.